மன உறுதி சான்றாகுமா? கிறிஸ்தவ விசுவாசமும் தனிப்பட்ட அனுபவமும்

"இயேசு எனக்குள் இருக்கிறார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்கிறார் ஒரு விசுவாசி. "அது உங்கள் மனம் உண்டாக்கிய எண்ணம், அதற்குப் பெயர் சான்று அல்ல" என்கிறார் எதிரில் இருப்பவர். பேச்சு அத்துடன் முறிந்துபோகிறது. விசுவாசிகள் தங்கள் அனுபவத்தை எடுத்துச் சொல்லும் சாட்சிக் கூட்டங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் கலப்புத் திருமணம் நடந்த வீடுகளிலும் இந்த இரண்டு வாக்கியங்களும் மோதிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்புமே அவசரப்படுகின்றன. ஒருவர் தன் உறுதி எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டதாக நினைக்கிறார். மற்றவர் அது எதையுமே காட்டவில்லை என்று தள்ளிவிடுகிறார்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பது, அவர் நம்புவது உண்மை என்பதற்குச் சான்றாகாது. அந்த உறுதியை அவருக்குத் தந்த அனுபவம் சான்றாக இருக்கக்கூடும். யாருக்கு, எந்தக் கூற்றுக்கு, எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினால்தான் விஷயம் தெளிவாகும்.

## அடுக்களையில் ஒரு வாடை

வெளியூர் போய்த் திரும்பிய ஒரு பெண் வீட்டுக்குள் நுழைந்ததும், "கேஸ் வாடை அடிக்கிறது" என்கிறார். வீட்டில் இருந்த மற்றவர்களுக்குச் சளி. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவரோ சிலிண்டர் கசிகிறது என்று அடித்துச் சொல்கிறார்.

இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவர் மூக்கில் ஏறிய வாடை முதலாவது. அதை அனுபவம் என்போம். கசிவு இருக்கிறது என்று அவர் மனத்தில் உண்டான நிச்சயம் இரண்டாவது. அது உறுதி. அதை அவர் நம்மிடம் எடுத்துச் சொன்னது மூன்றாவது. அது சாட்சியம். மதத்தைப் பற்றிய வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒரே பொருளாகப் பாவிப்பதால்தான் குழம்புகின்றன.

அந்தப் பெண்ணிடம் இருப்பது வாடை. நம்மிடம் இருப்பது அவர் சொன்ன சொல் மட்டும். அவர் ஜன்னலைத் திறக்க ஓடுவது முழுக்க நியாயமானது. நாமும் எழுந்து ஓட வேண்டுமா என்பது வேறு சில கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

## எது சான்று?

சான்று என்ற சொல்லுக்கு இந்தக் கட்டுரையில் ஒரே பொருள்தான்: ஒரு கூற்று பொய்யாக இருந்தால் எதிர்பார்ப்பதைவிட, அது உண்மையாக இருந்தால் அதிகமாக எதிர்பார்க்கக்கூடிய எதுவும் அந்தக் கூற்றுக்குச் சான்று. நிரூபணம் வேறு. சான்று சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்கலாம், வேறொரு சான்றால் முறியடிக்கப்படலாம்.

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். கசிவு இருக்கும் 100 வேளைகளில் அந்தப் பெண் 90 முறை வாடையை உணர்வார். கசிவே இல்லாத 100 வேளைகளிலும் சாக்கடை நாற்றத்தாலோ பக்கத்து வீட்டுப் புகையாலோ 10 முறை கேஸ் வாடை என்று நினைப்பார். அப்படியானால் அவர் மூக்கு நல்ல சான்று: கசிவு இல்லாதபோது உணர்வதைவிட, இருக்கும்போது ஒன்பது மடங்கு அதிகமாக உணர்கிறது. இன்னொருவர் கசிவு இருந்தாலும் 90 முறை, இல்லாவிட்டாலும் 90 முறை வாடை அடிப்பதாகச் சொல்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. ஆனாலும் அவர் சொல்வது நமக்கு எதையும் அறிவிக்காது.

இன்னொன்றும் உண்டு. காலையில்தான் புதிய சிலிண்டர் மாட்டினார்கள் என்றால் கசிவுக்கு வாய்ப்பு முன்பே அதிகம். வீட்டில் மின்சார அடுப்பு மட்டும் இருந்தால், சிலிண்டரே கிடையாது, அதே வாடையை வேறு விதமாகத்தான் விளக்குவோம். சான்று வருவதற்கு முன்பே நாம் ஒரு கூற்றுக்குக் கொடுத்து வைத்திருக்கும் வாய்ப்பை முன்மதிப்பு என்று சொல்லலாம். கடவுள் இருக்கலாம் என்று ஏற்கெனவே நினைப்பவரும், இருக்கவே முடியாது என்று நினைப்பவரும் ஒரே சாட்சியைக் கேட்டு வெவ்வேறு முடிவுக்கு வருவதற்கு இதுவே பெரிய காரணம். இருவரில் ஒருவர் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை.

முன்மதிப்பைச் சான்றால் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்கு வழிகாட்டிய தாமஸ் பேய்ஸ் இங்கிலாந்தில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். 1761இல் அவர் இறந்தார். அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளிக்கொண்டு வந்தார். பிரைஸும் போதகர்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அனுபவம், உறுதி, சாட்சியம் மூன்றும் வெவ்வேறு. கூற்று பொய்யாக இருந்தாலும் அதே அளவு எளிதாக நேரக்கூடிய ஒன்று சான்றாகாது.

## ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்தது

ஒரு மெய்யான ஆளை வைத்துப் பார்க்கலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவானவர், ஆக்ஸ்போர்டில் படித்துப் பாடம் நடத்தியவர். அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போகும் வழியில், 1736 ஜனவரியில், கப்பல் புயலில் சிக்கியது. உடன் பயணித்த மொரேவியர்கள் என்ற ஜெர்மானியப் புராட்டஸ்டண்டு சபையார் கலங்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லியோ சாவுக்குப் பயந்தார். அவர்களிடம் இருந்த நிச்சயம் தன்னிடம் இல்லை என்பது அவரை உறுத்தியது. ஜார்ஜியாவிலும் ஊழியம் தோல்வியில் முடிந்து ஊர் திரும்பினார்.

1738 மே 24 அன்று மாலை, லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்தார்கள். ஒன்பதாக ஏறக்குறைய கால் மணி இருக்கும்போது தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதாகவும், கிறிஸ்து தன் பாவங்களை நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் தனக்குக் கிடைத்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். இன்றும் மெதடிஸ்டுகள் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் மெதடிஸ்டுகளும் இணைந்ததால், அந்த மாலையின் தொடர்ச்சி தமிழ்நாட்டுத் தேவாலயங்களிலும் இருக்கிறது.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரி 4 அன்று, தான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று அதே வெஸ்லி எழுதினார். தேவன்மேல் தன் அன்பும், தன் சமாதானமும் சந்தோஷமும் போதவில்லை என்று தன்னையே நெருக்கிக் கேட்டுக்கொண்டதன் விளைவு அது. உறுதி கூடியும் குறைந்தும் போயிற்று. மே மாதம் நடந்தது நடந்ததாகவே இருந்தது. அனுபவத்தையும் உறுதியையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே 1739இல் பிரிஸ்டல் பேராயர் ஜோசப் பட்லர் வெஸ்லியை நேரில் கடிந்துகொண்டார். பரிசுத்த ஆவியின் அசாதாரண வெளிப்பாடுகள் தனக்குக் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்வது மிகக் கொடிய காரியம் என்றார். பட்லர் நம்பிக்கையற்றவர் அல்லர். கிறிஸ்தவத்துக்கு ஆதரவான வாதங்களைப் பொறுமையாக அடுக்கி நூல் எழுதியவர். வாழ்க்கைக்கு வழிகாட்டுவது நிகழக்கூடிய வாய்ப்பின் அளவுதான் என்று அந்த நூலிலேயே சொன்னவர். அவருக்கு இருந்த பயம் எனக்குப் புரிகிறது: உள்ளத்தின் அனலை அளவுகோலாக்கினால் எவரும் எதையும் தேவனின் பெயரால் சொல்லலாம்.

வெஸ்லி அந்தக் கேள்வியிலிருந்து தப்பி ஓடவில்லை. ஆவியானவரின் சாட்சியைப் பற்றி 1746இலும் 1767இலும் பிரசங்கங்கள் வெளியிட்டார். உண்மையான உள்சாட்சியையும் வெறும் அகந்தையையும் எப்படிப் பிரித்தறிவது என்று அவரே கேட்டு, மனந்திரும்புதல், தாழ்மை, அன்பு ஆகிய கனிகள் தொடர்ந்து தென்படுகின்றனவா என்று பார்க்கச் சொன்னார். தன் உறுதியைத் தானே சோதிக்க ஒப்புக்கொண்ட அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

## உறுதியின் பலம் ஏன் கணக்கில் வராது?

இதற்கு நேரடியான பதிலைச் சொன்னவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். தன் பெரிய தத்துவ நூலின் 1700ஆம் ஆண்டுப் பதிப்பில், மதவெறியுணர்ச்சி பற்றித் தனி அதிகாரமே சேர்த்தார். தேவன் வெளிப்படுத்தினார் என்பதால் நம்புகிறேன், உறுதியாக நம்புவதால் தேவன் வெளிப்படுத்தினார் என்கிறேன் என்று வட்டமாகச் சுற்றினால் எதுவும் நிலைநாட்டப்படாது என்பது அவர் வாதம். லாக்கும் கிறிஸ்தவர்தான்.

வரலாறு இதை மிகவும் வலியோடு காட்டியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்ட் விவசாயி, தானியேல் புத்தகத்தின் கணக்குகளை வைத்துக் கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். அவருடைய இயக்கத்தார் கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சிலர் விளைச்சலை அறுக்காமலே நிலத்தில் விட்டார்கள். அந்த நாள் வந்து போயிற்று. அவர்கள் நடிக்கவில்லை. அவர்களுடைய உறுதியில் எந்தக் குறையும் இல்லை.

இரத்தசாட்சிகளைப் பற்றிய வாதத்துக்கும் இதே வரம்பு உண்டு. ஒருவர் தன் நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தால் அவர் உண்மையாகவே நம்பினார் என்று தெரிந்துகொள்கிறோம். பொய் சொன்னார் என்ற சந்தேகம் விலகுகிறது. அது சிறிய விஷயமல்ல. ஆனால் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் அப்படியே நிற்கிறது.

## அனுபவித்தவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902இல் நூலாக வந்தன. இறைவனோடு ஒன்றும் அனுபவங்களைப் பற்றி அவர் வந்த முடிவு இன்றும் பயனுள்ளது: அந்த அனுபவம் பெற்றவர்மேல் அதற்கு அதிகாரம் உண்டு, அப்படி இருப்பது சரியும்கூட. பெறாதவர்கள் அதை விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

ஆக்ஸ்போர்டு தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1979இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒன்று இருப்பதாக ஒருவருக்குத் தோன்றினால், சந்தேகிக்கத் தனிக்காரணம் இல்லாதவரை அது இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே நியாயம் என்றார். இந்த விதி இல்லாமல் நம் கண்ணையும் நினைவையும்கூட நம்ப முடியாது. பிறர் சொல்வதையும் அதேபோலத் தொடக்கத்தில் நம்பலாம் என்றார். எனக்கு இது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஆனால் 'சந்தேகிக்கத் தனிக்காரணம் இல்லாதவரை' என்ற நிபந்தனைதான் முழு விவாதத்தையும் சுமக்கிறது.

சாது சுந்தர் சிங்கை எடுத்துக்கொள்வோம். பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 1904 டிசம்பரில், 15 வயதில், வேதாகமத்தை எரித்தார். சில நாளில், கடவுள் தன்னைக் காட்டாவிட்டால் உயிரை விட்டுவிடுவது என்று துணிந்து ஜெபித்தபோது இயேசுவைக் கண்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். 1918இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பேசினார்.

அவர் கிறிஸ்தவத்தை வெறுத்தவர். வெறுத்தவருக்கே இயேசு தெரிந்தார் என்றால், ஆசைதான் தோற்றத்தை உண்டாக்கியது என்ற விளக்கம் பலவீனமாகிறது. முதலில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தி, பிறகு அப்போஸ்தலரான பவுலின் கதையிலும் இதே பலம் இருக்கிறது. மறுபக்கம், சுந்தர் சிங் மிஷன் பள்ளியில் படித்தவர், புதிய ஏற்பாடு அவருக்குப் பழக்கம், தாயை இழந்த துக்கத்தில் இருந்தவர். பிற்காலத்தில் அவர் சொன்ன சில சம்பவங்களின் நம்பகத்தன்மை பற்றி 1920களில் ஐரோப்பாவில் பெரிய விவாதமே நடந்தது. இவை அந்த 1904 அனுபவத்தைப் பொய்யாக்கிவிடவில்லை. எடையைக் கணக்கிடும்போது ஒரு தட்டில் மட்டும் வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சாட்சிக் கூட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெபித்துக் குணமானவர் ஒலிபெருக்கிக்கு முன் வருகிறார். ஜெபித்தும் குணமாகாதவர் வீட்டில் இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். நமக்குக் கிடைப்பது ஏற்கெனவே வடிகட்டப்பட்ட செய்திகள் மட்டும். இதைத் தெரிவுச் சாய்வு என்பார்கள். ஒவ்வொரு சாட்சியும் உண்மையாகவே இருந்தாலும், அவற்றின் எண்ணிக்கை மட்டும் நம்மைத் தவறாக வழிநடத்திவிடும்.

## எந்தக் கூற்றுக்குச் சான்று?

இதுதான் அதிகம் கவனிக்கப்படாத இடம். 'என்னைவிடப் பெரிய ஒன்று என்னை நேசிக்கிறது' என்ற உணர்விலிருந்து, 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்' என்பதற்கு நெடுந்தூரம். முதல் வாக்கியத்தைத் தாங்கும் அனுபவம் இரண்டாவதைத் தானாகவே தாங்கிவிடாது.

தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மாணிக்கவாசகரின் உருக்கத்தையும் ஆண்டாளின் ஏக்கத்தையும் அறிந்த மொழி இது. தன்னை ஆட்கொண்ட ஒருவனைப் பற்றி மாணிக்கவாசகர் பேசும் நிச்சயம் எந்தக் கிறிஸ்தவச் சாட்சிக்கும் குறைந்ததல்ல. வேதாகமத்தோடு மோர்மன் நூலையும் வேதமாக ஏற்கும் மோர்மன் சபையாரும் அந்த நூல் உண்மையா என்று ஜெபத்தில் கேட்கச் சொல்கிறார்கள். உள்ளத்தில் பதில் கிடைத்ததாக லட்சக்கணக்கானோர் சொல்கிறார்கள். மற்றக் கிறிஸ்தவர்கள் அந்த நூலை ஏற்பதில்லை. உள்ளத்தின் அனல் மட்டுமே போதும் என்றால் இவர்கள் எல்லோருக்கும் போதும். அது ஒன்றோடொன்று முரண்படும் கூற்றுகளை ஒரேயடியாக உண்மையாக்க முடியாது.

அதற்காக எல்லாமே பொய் என்று முடிவு கட்டுவதும் அவசரம். இந்த அனுபவங்களின் பொதுவான உள்ளடக்கத்துக்கு அவை அனைத்தும் சேர்ந்து சான்றாக நிற்கலாம். வேறுபடும் பகுதிகளுக்குத்தான் வேறு ஆதாரம் வேண்டும்.

பவுலே அப்படித்தான் செய்தார் என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டவர்களாகக் கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று வரிசைப்படுத்துகிறார். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். தன் அனுபவத்தைக் கடைசியில் வைக்கிறார். அந்தப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்பது வரலாற்று ஆய்வின் வேலை. ஆனால் கேட்பவரைத் தன் உள்ளுணர்வுக்குள் அடைத்து வைக்காமல், வெளியே போய் விசாரிக்கக்கூடிய இடத்துக்கு அவர் அனுப்புகிறார்.

சுருக்கமாக: அனுபவம் பெற்றவருக்கு அதன் எடை அதிகம், கேட்பவருக்குக் குறைவு. பொதுவான கூற்றுக்கு அதிகம், குறிப்பான வரலாற்றுக் கூற்றுக்குக் குறைவு.

## எல்லாம் மூளையின் வேலைதானே?

மூளையில் ஏதோ நடப்பதால்தான் இந்த உணர்வு என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. மரத்தைப் பார்க்கும்போதும் மூளையில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. மரம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பவுலுக்கு வலிப்பு நோய் என்று சொல்லி விஷயத்தை மூடிவிடும் போக்கை வில்லியம் ஜேம்ஸ் அன்றே கண்டித்தார். கேட்க வேண்டியது வேறு: கடவுள் இல்லாவிட்டாலும் இதே மூளை நிகழ்வு இதே அளவு எளிதாக ஏற்படுமா? இசை, கூட்டம், தூக்கமின்மை, துக்கம் ஆகியவை மட்டுமே அதை எளிதில் உண்டாக்கும் என்றால் சான்றின் எடை குறையும். குறையும் என்பதற்கும் இல்லாமல் போகும் என்பதற்கும் வேறுபாடு உண்டு.

## சான்றே வேண்டாம் என்பவர்கள்

பரிசுத்த ஆவியானவரின் உள்சாட்சிதான் வேதத்தைப் பற்றிய நிச்சயத்தைத் தருகிறது, மனித வாதங்கள் அதற்கு அடித்தளம் அல்ல என்று 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதி ஜான் கால்வின் கற்பித்தார். அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 2000இல் அதற்கு நவீன வடிவம் கொடுத்தார். வேறு நம்பிக்கைகளிலிருந்து வருவித்துக்கொள்ளாமல் நேரடியாகவே கொள்ளும் நம்பிக்கையை அடிப்படை நம்பிக்கை என்கிறார்கள். காலையில் என்ன சாப்பிட்டேன் என்பது நினைவுக்கு வருகிறது, அதற்கு வாதம் தேடுவதில்லை. கிறிஸ்தவ விசுவாசமும் அப்படி இருக்கலாம், அதைக் கொள்பவர் அறிவுக்குப் புறம்பானவர் அல்லர் என்கிறார் பிளான்டிங்கா.

இதைப் பலர் தவறாகக் கையாள்கிறார்கள். கிறிஸ்தவம் உண்மையானால், அந்த நம்பிக்கை முறையான வழியில் உண்டாகியிருக்கும் என்பதுதான் அவர் வாதம். உண்மையா என்பதைத் தத்துவம் நிரூபித்துக் காட்டாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே ஒரு பாட்டி வாதம் தெரியாமல் விசுவசிப்பதை ஏளனம் செய்பவருக்கு இது நல்ல பதில். 'அப்படியானால் நானும் ஏன் விசுவசிக்க வேண்டும்?' என்று கேட்கும் பேரனுக்கு இது பதிலே அல்ல.

## எதையும் உணராதவர்கள்

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். அனுபவம் இருப்பது ஒரு கூற்றுக்குச் சான்று என்றால், அனுபவம் எதிர்பார்க்கப்படும் இடத்தில் இல்லாமல் போவது எதிர்த் திசையில் ஓரளவு சான்றாகும். அளவு வேறுபடலாம், ஆனால் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது. கனடியத் தத்துவவாதி ஷெல்லன்பெர்க் 1993இல் இதையே ஒரு முழு வாதமாக வைத்தார்: அன்பான கடவுள் இருந்தால், மனதார நாடுகிறவருக்குத் தன்னை ஏன் மறைத்துக்கொள்கிறார்? விசுவாசிகள் இதற்குப் பல பதில்கள் சொல்கிறார்கள். கேள்வியே பாவம் என்பது மட்டும் பதிலாகாது.

அன்னை தெரசா பல பத்தாண்டுகள் தேவனின் பிரசன்னத்தை உணரவே இல்லை என்பது 2007இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது. கொல்கத்தாவில் அவர் பணி நின்றுவிடவில்லை. உணர்வையே விசுவாசத்தின் அளவாக வைத்தால் அவரையும் விசுவாசிகளின் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் வாலிபர் முகாம்களில் நடப்பது என்ன? கடைசி நாள் இரவு, எல்லோரும் கண்ணீரோடு நிற்கும்போது, எதையும் உணராத ஒரு பிள்ளையிடம் "நீ என்ன அனுபவித்தாய், சாட்சி சொல்" என்று ஒலிபெருக்கி நீட்டப்படுகிறது. அந்தப் பிள்ளை கூச்சத்தாலோ பயத்தாலோ மற்றவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. அந்தக் கணத்தில் இரண்டு கேடுகள் நடக்கின்றன. பிள்ளை தன் மனத்துக்கு எதிராகப் பேசப் பழகுகிறது. கூடவே, அனுபவமே இல்லாமலும் சாட்சி பிறக்கும் வாய்ப்பு அந்தச் சபையில் கூடிவிடுகிறது. கசிவு இல்லாதபோதும் வாடை என்று சொல்லப் பழகிய வீட்டின் நிலைதான் அது. உண்மையாகவே ஏதோ ஒன்றைக் கண்டு நடுங்கி எழுந்து நிற்பவர் சொல்வதற்கும் அதன்பின் எடை குறைந்துவிடுகிறது. முகாம் நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம்: 'நான் எதையும் உணரவில்லை' என்று சொல்லவும் அதே ஒலிபெருக்கியில், அதே மரியாதையோடு இடம் கொடுக்கலாம்.